பெண்ணையாற்றுத் திட்டில் மூன்று பேர்

என் கணவர் பிரெஞ்சு சர்க்கார் காலத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர். எங்கள் பக்கத்தில் போலீஸ்காரரை அப்போது சிப்பாய் என்றுதான் சொல்வோம். அவர் என் அம்மாவுக்குத் தம்பி. பூரணாங்குப்பத்தில் எங்கள் இரண்டு குடும்பங்களுமே கடலுக்குப் போகிறவை. சின்ன வயதில் ஒரு தடவை கட்டுமரம் கவிழ்ந்து அலைக்குள் மாட்டிக்கொண்டாராம். அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் அவருக்கு மூச்சு முட்டும். கடலுக்குப் பயந்து போலீசில் சேர்ந்தவன் என்று என் அண்ணன்மார் முகத்துக்கு நேராகவே கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். நான் அப்படியில்லை. நடை பழகிய வயதிலேயே கழிமுகத்தில் நீந்தப் பழகியவள்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன பிறகும் அவரை வேலையில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் முழுசாக நம்பவில்லை. வெள்ளைக்காரனுக்கு சல்யூட் அடித்தவன் என்ற பேச்சு ஸ்டேஷனில் ஓடிக்கொண்டே இருந்தது. அறுபதுகளின் நடுவில் அவரைக் குருவிநத்தத்துக்கு அருகே ஆற்றங்கரைச் சாவடிக்கு மாற்றினார்கள். சாவடி என்றால் ஓடு போட்ட ஒற்றை அறை. அதன் முதுகில் ஒட்டினாற்போல எங்கள் வீடு. பிரெஞ்சு நாளில் சுங்கத்துக்காகக் கட்டியது. சுவரில் தோட்டா பட்ட இடத்தை யாரோ சுண்ணாம்பு வைத்து அடைத்திருந்தார்கள். பிரெஞ்சு சர்க்காரும் நம் சர்க்காரும் முட்டிக்கொண்டிருந்த நாட்களில் கரை நெடுக முள்கம்பி கட்டியிருந்ததாகவும், இந்தப் பக்கத்து மாடு அந்தப் பக்கம் போனால் திரும்பாது என்றும் ஊரில் சொல்வார்கள்.

கம்பி போய்விட்டது. எல்லை போகவில்லை. வடகரை நாங்கள், தென்கரை மெட்ராஸ் ராஜ்யம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. நடுவில் கிடந்த மணல்தான் வம்பு. ஆற்றின் பாதி வரை தன்னுடையது என்று பிரெஞ்சுக்காரன் சொன்னானாம். வடகரை ஓரம் வரை தன்னுடையது என்று இங்கிலீஷ்காரன் சொன்னானாம். இருவரும் கப்பலேறிவிட்டார்கள். அவர்கள் தீர்க்காமல் விட்டுப்போன வழக்கு எங்கள் வீட்டு வாசலில் கிடந்தது. போதாததற்கு ஒரு மழைக்காலத்தில் ஆறு தன் ஓட்டத்தை வடக்கே தள்ளிக்கொண்டது. குருவிநத்தத்துக்காரர்கள் முலாம்பழமும் வேர்க்கடலையும் போட்டுவந்த படுகை ஒரே வருஷத்தில் அக்கரையோடு சேர்ந்துகொண்டது. அக்கரை ஆட்கள் அதில் ஏர் பூட்டினார்கள். அன்றிலிருந்து இரண்டு கரைக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை.

கரையிலிருந்து சற்று இறங்கினால் மணலில் ஒரு கல் நிற்கும். பிரெஞ்சு எழுத்து ஒன்று தேய்ந்துபோய்த் தெரியும். அந்தக் கல்தான் என் கணவருக்கு வாசற்படி. அதைத் தாண்டி அவர் கால் வைக்கக் கூடாது.

அந்த உத்தரவு வந்ததற்குக் காரணம் நாங்கள் சாவடிக்கு வந்த வருஷத்துக் கோடையில் நடந்தது. பாகூரிலிருந்து சைக்கிள் திருடிக்கொண்டு ஓடியவனைத் துரத்தி என் கணவரும் இன்னொரு சிப்பாயும் மணலில் இறங்கினார்கள். பாதி ஆற்றில் அக்கரை போலீசார் மடக்கினார்கள். எங்கள் எல்லைக்குள் சீருடையோடு எப்படி வந்தாய் என்று கேட்டு இரண்டு பேரையும் கொதிக்கிற மணலில் உட்கார வைத்தார்கள். அதில் கட்டையாக, தாடையில் வெட்டுத் தழும்போடு இருந்த ஒரு கான்ஸ்டபிள் என் கணவரின் இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டான். இரண்டு கரையிலும் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். நானும் இடுப்பில் மகளோடு நின்று பார்த்தேன். பெரிய அதிகாரிகள் பேசி, பொழுது சாய்கிற நேரத்தில்தான் விட்டார்கள். பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கால்சட்டையை மறுகையால் பிடித்தபடி அவர் கரையேறி வந்ததை நான் மறக்கவில்லை. மறுநாள் எங்கள் இன்ஸ்பெக்டர் வந்தார். "இன்னொரு தபா கல்லத் தாண்டினா நீ வூட்டுக்குப் போயிட வேண்டிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கரையில் அப்போது மதுவிலக்கு. இக்கரையில் சாராயக்கடை திறந்திருந்தது. ஆகவே அங்கிருந்து ஆட்கள் ஆற்றில் இறங்கி வருவார்கள், குடிப்பார்கள், திரும்புவார்கள். திரும்புகிறவர்களைப் பிடிக்க அக்கரை போலீஸ் கரையில் நிற்கும். ஆட்கள் நடு ஆற்றிலிருந்த மணல் திட்டில் உட்கார்ந்துகொள்வார்கள். வழக்கு எங்கே போய் நிற்குமோ என்று திட்டில் இறங்கி யாரையும் பிடிக்க இரண்டு போலீசுக்கும் தயக்கம். பொழுது போனதும் ஒரு பக்கம் சலித்துக்கொண்டு கிளம்பும். பார்க்கிறவர்களுக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். எங்கள் ஊரில் மழையில்லை, மேற்கே மட்டும் வானம் கறுத்துக் கிடந்தது. துணி உலர்த்தப் போனவள் ஆற்றைப் பார்த்தேன். தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. காலையில் தெளிவாக ஓடியது இப்போது செம்மண் கலந்து வந்தது, மேலே சருகும் நுரையும். திட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தென்கரையில் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரும் லத்தி பிடித்த ஆட்களும் நின்றார்கள்.

"மாமா, மேல எங்கியோ செம மழ. வெள்ளம் வருது" என்றேன்.

அவர் சாவடியிலிருந்து வெளியே வந்து பார்த்தார். கையைக் குவித்துத் திட்டைப் பார்த்துக் கத்தினார். "தண்ணி ஏறுதுடா. எழுந்து ஏதாச்சும் ஒரு கரைக்குப் போங்க."

மூவரில் தலையோடு துண்டு போர்த்தியிருந்தவன் மற்றவர்களிடம் ஏதோ சொல்லிக் கையமர்த்தினான். ஒருவரும் எழவில்லை. வடக்கே எங்கள் பக்கத்து ஓட்டம் அதற்குள் ஆழமாகிவிட்டது. தெற்கே இன்னும் இடுப்பளவுதான் இருக்கும். ஆனால் அங்கே லத்திகள்.

என் கணவர் இந்தத் தடவை தென்கரையைப் பார்த்துக் கத்தினார். "ஐயா, கொஞ்சம் பின்னால போங்க. நீங்க நின்னா அவங்க எறங்க மாட்டாங்க. வெள்ளம் வருது."

"உன் கரைல உன் வேலையப் பாருய்யா" என்று பதில் வந்தது.

சத்தம் கேட்டுக் குருவிநத்தத்து ஆட்கள் கூடினார்கள். அக்கரைக்காரன் தானே, நனையட்டும் என்று ஒருவர் சொன்னார். படுகையைப் பறிகொடுத்தவர் அவர். அப்போதுதான் ஊருக்குள்ளிருந்து ஒரு பெண் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். அக்கரையிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், எனக்குத் தெரிந்தவள்.

"சிப்பாய்க்காரரே, அது எங்க அப்பா. என்னப் பாக்க வந்துட்டுப் போறாரு. அவரு குடிக்கறவரு இல்ல. அவருக்கு நீச்சல் தெரியாது."

திட்டில் பார்த்தேன். வெள்ளை வேட்டிக் கிழவர் ஒருவர் மடியில் துணிப்பையை அணைத்து உட்கார்ந்திருந்தார். குடிகாரர்களோடு சேர்த்துத் தன்னையும் பிடித்துவிடுவார்கள் என்று அவரும் அங்கேயே தங்கிவிட்டார் போலிருக்கிறது.

தண்ணீர் திட்டின் விளிம்பைத் தின்ன ஆரம்பித்தது. மூன்றாவது ஆள் வாலிபன், வண்டி ஓட்டுகிறவன் என்று பிறகு தெரிந்தது. அவன் எழுந்து நின்று தள்ளாடினான். திடீரென்று சட்டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு தென்பக்கமாகக் குதித்தான். இடுப்பளவு இருந்த இடம் இப்போது ஆளை விழுங்குகிற ஆழமாகியிருந்தது. இரண்டு முறை தலை தெரிந்தது. தென்கரையில் சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை எறிந்துவிட்டுத் தண்ணீரில் இறங்கியதைப் பார்த்தேன். அவருடைய ஆட்கள் அவரை இழுத்துப் பிடித்தார்கள். பிறகு தலை தெரியவில்லை.

அந்தப் பெண் அப்பா, அப்பா என்று முனகிக்கொண்டிருந்தாள்.

என் கணவர் கல்லருகே நின்றிருந்தார். கல்லின் பாதி தண்ணீரில் இருந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது. வேலை போய்விடுமென்ற பயமா, தண்ணீர்ப் பயமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"கல்லத் தாண்டக் கூடாதுன்னு உங்களுக்குத் தானே சொன்னாங்க. எனக்கு யாரும் சொல்லல" என்றேன்.

"ஏமே, வாணாம். புள்ள கீது."

"அந்தக் கெழவருக்கும் புள்ள கீது. இதோ நிக்குது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து வாழை வெட்டச் சொன்னார். கரையை ஒட்டி வாழைத்தோட்டம். தோட்டக்காரர், நனையட்டும் என்று சொன்ன அதே மனிதர். அரிவாளை எடுத்துக்கொண்டு முதல் மரத்தைத் தானே வெட்டினார். மரங்களைச் சேர்த்து மூங்கில் குத்தித் தெப்பம் கட்டினார்கள். என் அண்ணன்மார் கொடுத்த கரைவலைக் கயிறு வீட்டில் கிடந்தது. அதோடு ஏற்றக் கயிறும் மாட்டுக் கயிறும் முடிச்சுப்போட்டு நீளமாக்கினோம். முடிச்சுகளை நான்தான் போட்டேன், மற்றவர்கள் போட்டதை நம்பவில்லை.

மகளை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். கொடுத்தால் அவள் கைக்கு ஏதாவது பிடிப்பு இருக்குமென்று தோன்றியது. புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, திட்டுக்கு மேற்கே நல்ல தூரம் கரையோடு போய்த் தெப்பத்தோடு இறங்கினேன். தெப்பத்தில் கட்டிய கயிற்றின் மறுமுனை கரையில் என் கணவர் கையில் இருந்தது.

கடல் தண்ணீருக்கு ஒரு போக்குவரத்து உண்டு. தள்ளும், பிறகு விடும். அந்த ஆறு விடவே இல்லை. ஒரே பக்கமாக இழுத்தது. வேரோடு வந்த முள்மரம் ஒன்று தொடையைக் கிழித்துக்கொண்டு போனது. தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு குறுக்கே காலை உதைத்தேன். பாதிக்கு மேல் வந்தபோது கயிறு விண்ணென்று இறுகி என்னை நிறுத்தியது. நீளம் போதவில்லை. திட்டு சற்று தூரத்தில் தெரிகிறது, போக முடியவில்லை. கயிற்றை அவிழ்த்துவிடலாமா என்று நினைத்த அந்த நேரத்தில் அது தளர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். என் கணவர் கயிற்றின் நுனியை மார்பில் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள் வந்திருந்தார். கல் நின்ற இடத்துக்கு வெகுவாக இந்தப்புறம். கழுத்து வரை தண்ணீர். அவருக்குப் பின்னால் ஊர் ஆட்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து வரிசையாக நின்றார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

திட்டில் இப்போது காலூன்ற ஒரு பாய் அளவு மணல்தான் மிச்சம். கிழவரைத் தெப்பத்தில் குப்புறப் படுக்க வைத்தேன். பையை விடச் சொன்னேன், விடவில்லை. இரண்டாவது ஆள் அருகே வந்தான். துண்டு காற்றில் விலகியது. தாடையில் வெட்டுத் தழும்பு.

பெல்ட்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டவன்.

அவனுக்கும் என்னைத் தெரிந்தது. "அம்மா, நான் இங்க இருந்தது அவங்களுக்குத் தெரிஞ்சா என் வேல போயிடும். அதான் உக்காந்திருந்தன். கொஞ்ச நேரத்துல போயிடுவாங்கன்னு நான்தான் மத்தவங்களையும் இருக்கச் சொன்னன்" என்றான். சாராய வாடை அடித்தது. குளிரில் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன.

குதித்த வாலிபன் நினைவுக்கு வந்தான். இவனை இங்கேயே விட்டுவிடு என்று எனக்குள் ஒன்று தெளிவாகச் சொன்னது. அப்படி நினைத்ததற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. ஆனால் காலடி மணல் சரிந்துகொண்டிருந்தது, யோசிக்க இடமில்லை. "பின்னால புடி. உட்டின்னா நான் பொறுப்பில்ல" என்றேன்.

கயிற்றைச் சுண்டினேன். கரையில் இழுக்க ஆரம்பித்தார்கள். என் கணவரின் குரல் ஆற்றுச் சத்தத்துக்கு மேலே கேட்டது. "அன், தே, த்ருவா." ஒன்று, இரண்டு, மூன்று. பிரெஞ்சுக்காரன் கவாத்து மைதானத்தில் சொல்லிக்கொடுத்தது. ஊர்க்காரர்கள் அர்த்தம் தெரியாமலே அந்தத் தாளத்துக்கு இழுத்தார்கள். தெப்பம் வளைந்து வந்து கரையில் முட்டியது.

கிழவரை அவர் மகள் கட்டிக்கொண்டாள். அழவில்லை, அவரை அடித்தாள். தோளிலும் முதுகிலும் மாறிமாறி அடித்தாள். அவர் பையை அணைத்தபடி அடி வாங்கிக்கொண்டார்.

மற்றவனை எங்கள் வீட்டுக்குள் கூட்டிப்போய் அடுப்பருகே உட்கார வைத்தேன். என் கணவர் ஈரம் சொட்ட உள்ளே வந்தார். அவனைப் பார்த்தார். தழும்பைப் பார்த்தார். கொடியிலிருந்த தன் உலர்ந்த வேட்டியை எடுத்து அவன் முன்னால் போட்டுவிட்டு வெளியே போனார்.

பாலத்தைச் சுற்றிக்கொண்டு அக்கரை ஜீப் வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியில்லாமல் இறங்கினார். மார்பு வரை சீருடை நனைந்து மண் அப்பியிருந்தது. நான் வாசலை மறைத்தாற்போல நின்றுகொண்டேன்.

"கைக்கு எட்டுற தூரம்தான். சட்ட நுனி வெரல்ல பட்டுச்சு" என்றார் முதலில், யாரிடமென்று இல்லாமல். பிறகு குரல் மாறியது. "ரெண்டு பேரு இங்க ஏறினாங்க. எங்க அவங்க?"

"ஒருத்தர் பொண்ணு வூட்ல கீறாரு. குடிச்சவரு இல்ல" என்றார் என் கணவர்.

"இன்னொருத்தன்?"

உள்ளே அடுப்பில் விறகு வெடித்தது. சொல்லிவிடுங்கள் என்று என் மனம் துடித்தது. சொன்னால் அந்த வெயிலுக்கும் அந்த மணலுக்கும் பதில் கிடைத்துவிடும். இந்த ஆள் பேச்சைக் கேட்டு ஒரு உயிர் போயிருக்கிறது. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை.

"பேரு கேக்கலிங்க" என்றார்.

"உள்ள யார் இருக்காங்க?"

"என் வூடுங்க அது."

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு அடி முன்னால் வைத்தார். என் கணவர் நகரவில்லை. "ஐயா, இது வடகர. இங்க நீங்க உள்ள வரணும்னா எங்க ஐயாவக் கேட்டுகினு வாங்க. அன்னிக்கு எனக்குச் சொன்னது தான், நான் புதுசா ஒண்ணும் சொல்லல." குரல் உயரவே இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் ஆற்றைத் திரும்பிப் பார்த்தார். திட்டு முழுகிப் போயிருந்தது. அவரும் களைத்திருந்தார். ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அது போனதும் கேட்டேன். "ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா அவன் வேல போவும். இந்த ஆத்துல வேல போவறது எப்படின்னு எனக்குத் தெரியும். உடுமே."

"அந்தப் பையன் போயிட்டானே."

அவர் நனைந்த சட்டையைக் கழற்றிப் பிழிய ஆரம்பித்தார். எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கான்ஸ்டபிள் பாகூர் சாலைப் பக்கமாக இருட்டுவதற்குள் போய்விட்டான். போகும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தான். "கெளம்பு" என்றார் என் கணவர்.

விசாரணை நடந்தது. எங்கள் இன்ஸ்பெக்டர் சாவடிக்கே வந்து கேட்டார். "கல்லத் தாண்டினியா?"

"தாண்டினங்க."

"கல்லே தண்ணிக்குள்ள போயிடுச்சாமே. எப்படித் தெரியும் தாண்டினன்னு?" அப்படிக் கேட்டது அவரைத் தப்புவிக்கத்தான் என்று எனக்குப் புரிந்தது. ஊர்க்காரர்களும் அதைச் சொல்லச் சொல்லி முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியும் ஐயா. கால்ல இடிச்சிது" என்றார் அவர்.

வேலை போகவில்லை. திருவாண்டார்கோயில் பக்கம் மாற்றினார்கள். ஆறும் எல்லைத் தகராறும் கண்ணில் படாத இடம். மூட்டை கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் அக்கரையில் அந்தக் கான்ஸ்டபிளைப் பார்த்தேன். சீருடையில், லத்தியோடு, திரும்பி வருகிறவர்களைப் பிடிக்க நின்றான். என்னைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

நாங்கள் கிளம்புவதற்கு முன் ஒரு பெண் வந்தாள். வண்டிக்காரனின் மனைவி. உடம்பு முகத்துவாரத்துக்குக் கிட்டே கிடைத்து, எடுத்து அடக்கம் செய்திருந்தார்கள். என்னைவிடச் சின்னவள். கூட யாரும் இல்லை.

"குடிச்சிட்டு ஆத்துல எறங்கினாருன்னு எழுதிக்கினாங்க. அப்பிடியா அக்கா? கிட்டத்துல பாத்தது நீதானாமே" என்றாள்.

திட்டில் அவன் தள்ளாடி நின்றது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. "நான் எறங்கறதுக்கு முந்தியே அவரு குதிச்சிட்டாரும்மா. நான் கிட்டத்துல பாக்கல. போலீசுக்குப் பயந்துதான் திட்டுலியே உக்காந்திருந்தாரு, தண்ணி ஏறினதும் குதிச்சாரு. அத மட்டும் கண்ணால பாத்தன். யாரு கேட்டாலும் அதச் சொல்றன்" என்றேன்.

"உக்காந்தே இருந்திருந்தா?"

"கூட்டியாந்திருப்பன்."

அவள் தலையை ஆட்டினாள். அதைக் கேட்கத்தான் வந்தவள் போல இருந்தது, அதைக் கேட்டபிறகு உட்கார முடியாதவள் போலவும் இருந்தது. தண்ணீர் கேட்டாள். செம்பில் மோந்து கொடுத்தேன். குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். ஆறு அப்போது வடிந்து கணுக்கால் அளவே ஓடியது. ஜனங்கள் சர்வசாதாரணமாக நடந்து கடந்துகொண்டிருந்தார்கள். அவள் ஆற்றுப் பக்கம் திரும்பவே இல்லை. பாலம் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு, சுற்று வழியாக நடக்க ஆரம்பித்தாள்.